எந்தச் சர்வகலாசாலை?

தோட்டக்கலையில் பி.எஸ்ஸி. தேறிய பிள்ளைகளின் பெற்றோர் நம்மைக் கேட்பது ஒன்றுதான்: "எம்.எஸ்ஸி.க்கு எந்தச் சர்வகலாசாலை பிரசித்தமானது, ஐயா?" எந்தப் பயிர் என்று அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

எம்.எஸ்ஸி. இரண்டே வருஷப் படிப்பு. பழம், காய்கறி, புஷ்பம், மலைத்தோட்டப் பயிர் என்று பிரிவுகள் வேறு. அதிலும் பெரும்பங்கு ஒரு பயிரைப் பற்றி ஓர் ஆசிரியரின் கீழ்ச் செய்யும் ஆராய்ச்சியில் கழிந்துவிடும். எனவே ஸ்தாபனத்தின் கீர்த்தியைவிட அந்த ஓர் ஆசிரியரும், அவர் வசமுள்ள நிலமுமே முக்கியம்.

ஸ்தாபனங்களுக்குக் குறைவில்லை. சைதாப்பேட்டையில் பிறந்து 1906-ல் கோயமுத்தூருக்குக் குடிபெயர்ந்த விவசாயக் கல்லூரி 1971-ல் சர்வகலாசாலையாயிற்று. அதைச் சேர்ந்த பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1990-ல் ஏற்பட்டது. சிதம்பரமும் இருக்கிறது. ஹிமாசலத்தில் ஸோலன் அருகேயுள்ள சர்வகலாசாலை 1985 முதல் தோட்டக்கலைக்கும் வனவியலுக்குமென்றே நடக்கிறது. ஆப்பிளைப் பற்றிக் கற்க அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஆனால் கல்வராயன் மலையில் ஆப்பிள் காய்க்கப் போவதில்லையே!

அம்மலையிலும் அடிவாரத்திலும் ஜனங்களுக்குச் சோறு போடுவது மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்றால்தான் நம்மவருக்குப் புரியும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சீக்கிரமே தமிழ்நாட்டுக் கொல்லைகளிலும் புகுந்து குருத்தைச் சுருட்டி நாசம் செய்தது. ஆப்பிரிக்காவில் நாற்பது வருஷங்களுக்கு முன் இதே பூச்சியை அடக்கிய சிறு குளவி ஒன்றுண்டு. அதைப் பெனின் தேசத்திலிருந்து பெங்களூர் விஞ்ஞானிகள் தருவித்துப் பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியிடும் வேலை தொடங்கிற்று. ஏத்தாப்பூர் எங்கோ இல்லை. ஆத்தூர் தாண்டினால் வந்துவிடும்.

பூச்சி வேலை பூச்சி சாஸ்திரிகளுடையது. தேமல் நோய் இன்னும் இருக்கிறது. வெள்ளை ஈ மட்டுமன்று, குடியானவன் போன வருஷத்துச் செடியிலிருந்து வெட்டி நடும் கரணையே அதைச் சுமந்து வருகிறது. நோயற்ற கரணையை உண்டாக்குவதும், தேமலைத் தாங்கும் ரகத்தை மலைநிலத்தில் நட்டுப் பார்ப்பதும் தோட்டக்கலைக்காரரின் வேலை. நம்மிடம் முன்பு படித்த சின்னசேலத்துப் பெண்ணொருத்தி இந்த ஆராய்ச்சியில்தான் ஆசை வைத்திருக்கிறாள். தகப்பனாருக்கோ கொல்லையை அடகு வைத்தாவது பெரிய பெயருள்ள இடத்தில் சேர்த்துவிட வேண்டுமென்ற எண்ணம்.

அடகு வேண்டாமென்றோம். இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடக்கும் அகில இந்திய நுழைவுப் பரீட்சையில் முன்வரிசையில் தேறுவோருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும்போதே, சேர நினைக்கும் இடத்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவரிடம் சமீபத்தில் படித்தவர்கள் எந்தப் பயிரில் ஆராய்ச்சி செய்தார்கள்? அவர் ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கிறது? (பாதியில் ஆசிரியர் மாறிய மாணவர்களின் பாடு நமக்குத் தெரியும்.) பரிசோதனை வயலில் மரவள்ளி நிற்கிறதா, அல்லது புஸ்தகத்தில் மட்டும் இருக்கிறதா? திருவனந்தபுரத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே நடக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையத்தோடு அவருக்குப் போக்குவரத்து உண்டா?

பெண் கேள்விகளை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டாள். விண்ணப்பம் அனுப்புமுன் இருவரும் ஒரு நாள் ஏத்தாப்பூருக்குப் போய் வருவதாக ஏற்பாடு.