புறக்கடைப் பூச்சியும் பதிவேட்டில் ஏறட்டும்!

ஆனேக்கல், ஒரு புழுவால் பெயர் பெற்ற ஊர். பட்டுப்புழு! அதன் ஒரே கூட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நூல் கிடைக்கும். அந்த நூலை நம்பித்தான் இந்தப் பகுதியில் பல தறிகள் ஓடின. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அப்படிப்பட்ட ஊரில் இன்று என்ன நடக்கிறது? புழுவைக் கண்டால் செருப்பு. சிலந்தியைக் கண்டால் துடைப்பம். மற்றதற்கெல்லாம் மருந்துப் புட்டி. இது முறைதானா?

மருந்து அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்து, கையில் உள்ள செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு புட்டியைத் தொட மனம் வருமா என்பது சந்தேகமே!

எட்டுக்கால் "எறும்பு"

அத்திப்பள்ளி, ஜிகனி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளுக்குப் பிழைக்க வந்த தமிழர் குடும்பங்கள் பலவும் லைன் வீடுகளில் வாழ்கின்றன. வீட்டுக்குப் பின்னால் ஒரு துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலைச் செடி, ஓர் அவரைப் பந்தல் இருந்தாலே பெரிய பாக்கியம். அந்த நாலடி இடத்தில் எத்தனை உயிர்கள்!

கறிவேப்பிலையில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டிக் கிடக்கும். படம் எடுத்துப் பெரிதாக்கினால் தலையும் காலும் தெரியும். அது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. அவரைக் கொடியில் கறுப்பாக, முள்ளு முள்ளாக ஊர்வது பொறிவண்டின் குஞ்சு. கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று கொடியைக் காப்பாற்றுவது அதுதான். மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகளுக்கு அருகே ஒன்று தனியே திரியும். காலை எண்ணினால் எட்டு! எறும்பு வேடம் போட்ட சிலந்தி அது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் கொம்பு போல ஆட்டிக் காட்டும்.

இதே தாலுகாவில் உள்ள பன்னேர்கட்டாவில் 2006-ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துப் போய், சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். வீடு திரும்பியதும் கறிவேப்பிலைப் புழுவை நசுக்குகிறார்கள். என்ன நியாயம் இது?

வயிற்றுப்பாட்டுக்கு உதவுமா?

"ஷிப்டு முடிந்து வந்தால் உடம்பு வலிக்கிறது. பூச்சியைப் படம் எடுத்தால் அரிசி வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புதிய பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையம், புவர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தது. ஒரு மில்லி மீட்டர் நீளம்கூட இல்லாத குளவி! அதுதான் மாவுப்பூச்சியை அடக்கியது. எது பகை, எது நட்பு என்று தெரிந்ததால்தான் தோட்டங்கள் பிழைத்தன. தெரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டும். பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும்.

படம் எடுப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்பதும் பழைய கதை. தஞ்சாவூரைத் தம் பெயரிலேயே தாங்கிய டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) பெங்களூரில் வாழ்ந்து, பிலிம் சுருள் காலத்திலேயே காட்டுயிர்ப் படக்கலையில் உலகப் புகழ் பெற்றார். யானையையும் புலியையும் மட்டுமா பார்த்தார்? 1998-ல் வெளிவந்த தென்னிந்திய வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். இன்று பிலிம் செலவு இல்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் சிறு லென்சைச் செல்போனில் மாட்டினால் போதும்.

சட்டம் இருக்கிறது

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திலும் ஒரு குழு அமைய வேண்டும். அந்த ஊர் உயிரினங்களை "மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு" ஒன்றில் எழுத வேண்டும். மக்கள் பதிவேட்டை மக்கள்தானே நிரப்ப வேண்டும்? தேதியும் இடமும் இல்லாத படம் வெறும் அலங்காரம். "இன்ன தேதி, இன்ன தெரு, இன்ன செடி" என்று எழுதி வைத்தால் அதுவே சாட்சி. ஆபீசில் பேரேடு எழுதிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையா?

2025-ல்கூடத் தென்னிந்தியக் குதிக்கும் சிலந்திகளில் ஒரு புதிய பேரினத்தை அறிவித்தார்கள். கன்னடத்தில் தெற்கைக் குறிக்கும் "தெங்கண" என்பதே அதன் பெயர். இன்னும் பெயர் வைக்காத உயிர்கள் உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் காலி மனைகள் லே-அவுட் ஆகின்றன. வீட்டுக்காரர்கள் கொல்லைப்புறம் முழுவதும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். இருந்தது என்ன என்று எழுதி வைக்காவிட்டால், போனது என்ன என்று யாருக்குத் தெரியும்?

புரசபையும் கிராம பஞ்சாயத்துகளும் பதிவேட்டைத் திறந்து வைத்து, குடியிருப்போர் தரும் படங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். படம் எடுப்போரும் பூச்சியை ஊசியில் குத்தாமல், ஐஸ் பெட்டியில் விறைக்க வைக்காமல், வலையைக் கலைக்காமல் எடுக்க வேண்டும்.

வாடகை வீட்டை என்றாவது காலி செய்யத்தான் வேண்டும். போகும்போது, இந்த மண்ணின் கணக்கில் நாலு வரி எழுதிவிட்டுப் போகலாமே!