நிலவறையை மேசைக்குள் அடைப்பதா?

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் இன்று பல நாடுகளில் இளைஞரின் உள்ளங்கவர்ந்த பொழுதுபோக்காகப் பரவியுள்ளது. ஒருவர் நடுவராக அமர்ந்து களத்தை விவரிப்பார். ஏனையோர் தம்மை வீரராகவும் மந்திரவாதியாகவும் கற்பித்துக்கொண்டு, தாம் செய்யப்போவதைச் சொல்வர். ஐயமான செயல்களின் முடிவைப் பகடை கூறும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி 1974ஆம் ஆண்டில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்குத் தலையூற்று. அரக்கரும் பொறிகளும் புதையலும் நிறைந்த நிலவறையே அதன் முதன்மைக் களம்.

அந்நிலவறையை வரைவதில் ஒரு தவறான வழக்கம் வேரூன்றியுள்ளது. சிற்றுருவங்களை நிறுத்திப் போர் நிகழ்த்தும் பொருட்டு, நிலவறை முழுவதையும் அவ்வுருவங்களின் அளவுக்கே பெரிதாக வரைந்து மேசைமேல் விரிப்பர். இதனால் ஆட்டம் சிறக்கிறது என்பர் இவ்வழக்கத்தைப் போற்றுவோர். உண்மையில் இதனால் நிலவறை குறுகுகிறது. ஆடுவோரின் செவியும் சிந்தையும் வேலையிழக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்தல் நன்று. பழைய முறைப்படி, கட்டத்தாளின் ஒரு கட்டம் 10 அடியைக் குறிக்கும். அகலத்தில் 30 கட்டமும் நீளத்தில் 40 கட்டமும் கொண்ட தளம் ஒன்று 300 அடிக்கு 400 அடி பரப்புடையது. அங்குலத்திற்கு நான்கு கட்டம் உள்ள தாளில் அது ஒரே பக்கத்தில் அடங்கும். இனி, 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு நிலைநாட்டிய போர் அளவையை எடுத்துக்கொள்க. அதன்படி ஓர் அங்குலம் 5 அடியைக் குறிக்கும். மேற்கூறிய அதே தளம் இப்போது 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் ஆகிவிடும். பன்னிரண்டு தளங்கள் கொண்ட நிலவறையாயின், வரைபடம் மட்டுமே 400 சதுர அடி. 20 அடிக்கு 20 அடி உள்ள ஓர் அறையின் தரை முழுவதையும் அது மூடிவிடும். தாளிலோ அஃது ஒரு மெல்லிய குறிப்பேடு.

இத்துணைப் பெரிய படத்தை எவரும் விரிக்க இயலாது. ஆகவே என்ன நேர்கிறது? நிலவறை மேசைக்கேற்பக் குறைக்கப்படுகிறது. 200 அடி நீண்ட இடைவழி மேசையில் 40 அங்குலத்தை விழுங்கும் என்பதால் அது நீக்கப்படுகிறது. அவ்விடைவழியில் விளக்கெண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி நடக்கும் சுவையும் அதனோடு நீங்குகிறது. அறைகள் நெருங்குகின்றன, கிளைவழிகள் மறைகின்றன, எஞ்சுவது ஒரு போர்க்களமும் அதற்கடுத்த போர்க்களமுமே. 1979ஆம் ஆண்டில் ஜெனல் ஜாக்வேஸ் படைத்தளித்த 'தி கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா' இன்றும் போற்றப்படுவது எதனால்? வாயில்கள் பலவாகவும், தளத்திற்குத் தளம் இறங்கும் வழிகள் பலவாகவும், சென்ற வழியன்றி வேறு வழியில் மீளக்கூடியதாகவும் அது வரையப்பட்டமையால். இத்தகைய பின்னல், தளங்களைச் சிறிய அளவில் அருகருகே வைத்து நோக்கும் வரைவாளனுக்கே கைகூடும்.

சிற்றுருவப் போரிலிருந்தே இவ்வாட்டம் பிறந்தது. ஆதலின் உருவங்களுக்கு ஏற்பவே நிலவறை அமைய வேண்டும் என்பர் சிலர். பிறப்பைப் பற்றிய கூற்று மெய்யே. கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் சிற்றுருவப் போர் விதிநூலை அடியொற்றியே புதிய ஆட்டம் எழுந்தது. ஆயினும் 1974ஆம் ஆண்டின் நூல், சிற்றுருவங்கள் கண்ணுக்கு அழகு தருவன. கட்டாயமானவை அல்ல என்று தெளிவாகவே உரைத்தது. நடுவர் பென்சிலும் கட்டத்தாளும் கொண்டு அமர்ந்து வரைவதையோ அது கட்டாயமாக்கியது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பும் கட்ட விரிப்பில் ஆடுவதை விருப்ப விதியாகவே வைத்தது. தாயைக் காட்டி மகளை அடக்க முயல்வோர் இவ்விரண்டையும் படித்தல் வேண்டும்.

நடுவர் சொல்லக் கேட்டு ஆடுவோர் தாமே வரைவதால் காலம் வீணாகிறது என்பது அவர்தம் அடுத்த வாதம். 1981ஆம் ஆண்டின் தொடக்கநிலைப் பதிப்பில், ஆடுவோருள் ஒருவர் வரைபடம் வரையும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. அப்பொறுப்பு இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. காலம் வீணாவது உண்டு. அக்குறை வரைதலில் இல்லை, சொல்லுதலில் உள்ளது. “அங்கே ஓர் அறை, கொஞ்சம் பெரியது, பக்கத்தில் கதவு” என்று நடுவர் உளறினால் எவரால் வரைய இயலும்? “தெற்குச் சுவரின் நடுவே உள்ள கதவின்வழி நுழைகிறீர்கள். அறை கிழக்கு மேற்காக 40 அடி, வடக்குத் தெற்காக 30 அடி. வடகிழக்கு மூலையில் படிக்கட்டு கீழிறங்குகிறது” என்று கூறினால் பென்சில் நில்லாமல் ஓடும். சொல்லால் விளங்காத வளைவுக் குகையாயின், நடுவரே ஒரு கோடு இழுத்துக் காட்டுவதில் பிழையில்லை.

போரின்போது எவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லால் மட்டும் காட்ட இயலாது என்பது மூன்றாவது வாதம். அஃது ஏற்கத்தக்கதே. 10 அடி அகலமுள்ள வழியில் இருவரே தோளோடு தோள் நிற்க முடியும். மூன்றாமவன் பின்வரிசைக்கே செல்ல வேண்டும். கதவை அடைத்து நிற்பவன் யார், தூணுக்குப் பின் மறைந்தவன் யார் என்பதைச் சிற்றுருவமும் கட்டமும் ஒரு நொடியில் காட்டிவிடும். ஆயின் இவ்வாதம் போர் நிகழும் அறைக்கு மட்டுமே பொருந்தும். ஓர் அறையில் நிகழும் சண்டைக்காக நூறு அறைகளைப் பெரிதாக்குதல், ஊசி தைக்கக் கடப்பாரை தேடுவதை ஒக்கும்.

எனவே முறை மூன்றாக அமைதல் வேண்டும். தளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று. தளத்திற்கு ஒரு தாளாக, கட்டத்திற்கு 10 அடி என்ற அளவில் நடுவரின் முழுப்படம் அடுத்தது. போர் மூளக்கூடிய சில இடங்களுக்கு மட்டும், அங்குலத்திற்கு 5 அடி என்ற அளவில், அழித்தெழுதும் விரிப்பில் வரையும் படம் மூன்றாவது. முழுப்படம் நடுவரிடம் மறைந்திருக்க, ஆடுவோர் தம் செவி கேட்டதைத் தாமே வரைவர். அவர்கள் வரைந்தது தவறாயின் வழி தவறுவர். வழி தவறுதலும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. வரைவோரை ஏமாற்றும் சாய்தள வழிகளை 1974ஆம் ஆண்டின் நூலே பரிந்துரைத்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

தமிழாசிரியர்கள் இதனை அயலார் விளையாட்டு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நிலத்தடி வழிக்குச் சுருங்கை என்னும் பழஞ்சொல்லை உடைய மொழி தமிழ். முடுக்கு, இடைகழி, சந்து, மாடம், படிக்கட்டு என்னும் சொற்களைத் தேர்ந்து ஒரு மாணவன் இடத்தை விவரிக்க, இன்னொருவன் அதனைக் கேட்டுக் கட்டத்தாளில் வரைவானாயின், அங்கே சொற்பயிற்சியும் கேட்டல் பயிற்சியும் அளவைக் கணக்கும் ஒருங்கே நடைபெறுகின்றன. சொன்னது பிழையா, கேட்டது பிழையா என்பதை இரு படங்களையும் அருகருகே வைத்த அளவில் மாணவரே காண்பர். சிவப்பு மை தேவைப்படாது. அச்சிட்ட பெரும்படத்தை மேசைமேல் விரித்துவிட்டால் சொல்பவனுக்கும் வேலையில்லை, கேட்பவனுக்கும் வேலையில்லை. உருவத்தை நகர்த்தும் விரல் ஒன்றே உழைக்கும். மாணவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியவை ஒரு பென்சிலும் ஒரு கட்டத்தாளுமே. சிற்றுருவங்கள் போர் வரும்வரை பெட்டியில் காத்திருக்கட்டும்.