நஞ்சை மருந்தாக்கிய வேலூர் டாக்டர்!

திருவண்ணாமலையில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டார் பெரும்பாலும் கிளம்புவது வேலூர் பஸ்ஸில்தான். போளூர், கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 80 கி.மீ. போனால் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே டாக்டர் மாம்மன் சாண்டி 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். அவர் வளர்த்த ரத்தவியல் துறையில் உருவானவர் டாக்டர் விக்ரம் மேத்யூஸ்.

ரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அதில் ஒன்று ‘ஏ.பி.எல்.’ நம் செல்லில் உள்ள 15, 17-ம் எண் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் தவறான ஒரு புரதம் உண்டாகிறது. வெள்ளை அணுக்களை அது முதிரவே விடாது. கூடவே ரத்தம் உறையாமல் போகும். மூளையில் ரத்தம் கசிந்தால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும்.

வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான மாத்திரையும் கீமோதெரபியும் சேர்ந்ததே அப்போதைய சிகிச்சை. செலவும் அதிகம், கிருமித் தொற்று பயமும் அதிகம். சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

விடை ஒரு நஞ்சில் இருந்தது. ஆர்செனிக் டிரையாக்சைடு... நம் சித்த மருத்துவம் ‘வெள்ளைப் பாஷாணம்’ என்று சொல்வது! இது ஏ.பி.எல்.லுக்குக் கேட்கிறது என்று சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களிலேயே கண்டிருந்தார்கள். அந்தத் தவறான புரதத்தையே அது சிதைத்துவிடுகிறது.

வேலூரில் 1998 முதல் 2004 வரை, புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு இந்த மருந்தை முதன்மையாக வைத்தே சிகிச்சை தரப்பட்டது. 62 பேருக்கு நோய் முழுக்கக் கட்டுப்பட்டது. அதன்பின் வெளிநோயாளியாக வந்து மருந்து ஏற்றிக்கொண்டாலே போதும். மேத்யூஸ் குழுவினர் 2006-ல் இதை ‘பிளட்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஏ.பி.எல். சிகிச்சையில் ஆர்செனிக்குக்கு முக்கிய இடம் உண்டு. சிலருக்கு மட்டும் நோய் ஏன் திரும்புகிறது என்ற கேள்வியை மேத்யூஸ் ஆய்வுக்கூடத்துக்கும் எடுத்துப் போனார். பின்னாளில் சி.எம்.சி.யின் இயக்குநராகவும் ஆனார்.

ஒரு எச்சரிக்கை. மருத்துவமனையில் தருவது சுத்திகரித்து, அளந்து, நரம்பில் ஏற்றும் மருந்து. இதயத் துடிப்பை இ.சி.ஜி.யில் அடிக்கடி பார்த்துக்கொண்டேதான் தருவார்கள். ‘பாஷாணம்தானே’ என்று யாரோ தரும் பொடியை வாங்கிச் சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து.

காரணமே இல்லாமல் ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், விடாத காய்ச்சல், அசதி... இவை தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இந்த நோயில் மருந்து இருக்கிறது, நேரம்தான் இல்லை!