தீர்ப்பு சொன்னார்கள், நகல் எங்கே?

குலசேகரன்பட்டினம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: முத்தாரம்மன் கோயில் தசரா, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ஏவுதளம். விடுதலைப் போராட்ட வரலாறு படித்தவர்கள் 1942ஆம் ஆண்டின் சதி வழக்கையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த வழக்கின் விவரங்கள் நூல்களில் ஏறிவிட்டன; தேடுபவருக்குக் கிடைக்கும். அதே ஊரில் பிறந்த ஒரு பெண், 1990களில் தனக்கு வழங்கப்பட்ட மணமுறிவுத் தீர்ப்பாணையின் நகலைத் தேடிப் புறப்பட்டால் நிலைமை வேறு. எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்தப் பிரிவில் கேட்பது என்று சொல்வதற்கே ஆள் கிடைப்பதில்லை.

இது யாரோ சிலரின் பழைய குடும்பச் சச்சரவு என்று ஒதுக்கிவிட முடியாத விஷயம். கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில் நீதிமன்ற ஆவணத்துக்கு இடமுண்டு. மறுமணத்தைப் பதிவு செய்ய முந்தைய மணம் முறிந்ததற்கான தீர்ப்பாணை வேண்டும். ஒன்றிய அரசு ஓய்வூதியரின் மகள் மணமுறிவு பெற்றிருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதியுண்டு. பெற்றோரின் வாழ்நாளிலேயே வழக்கு தொடரப்பட்டிருந்தால், தீர்ப்பு பின்னர் வந்திருந்தாலும் போதும் என்று 2017இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. நல்ல தளர்வுதான். ஆனால், அதன் பிறகு தீர்ப்பின் நகல் மட்டும் போதாது. மனு எந்த நாளில் தாக்கலானது என்பதற்கும் சான்று வேண்டும். ஏவுதளத்துக்காகப் பெரும் பரப்பில் நிலம் எடுக்கப்படும் ஒரு பகுதியில், இழப்பீட்டுத் தொகையில் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழும்போது, முதல் மனைவி யார், மணம் சட்டப்படி முறிந்ததா, பிள்ளைகள் யார் பொறுப்பில் விடப்பட்டார்கள் என்பவை எல்லாம் பணமதிப்புள்ள கேள்விகளாகிவிடுகின்றன.

அந்த ஆவணம் எங்கே இருக்கிறது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் அந்நீதிமன்றங்களைக் கட்டாயமாக்கியது. மற்ற பகுதிகளில் தேவைக்கேற்ப அமைக்கும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டது. ஆகவே, தூத்துக்குடி போன்ற மாவட்டங்களில் குடும்ப நல நீதிமன்றம் பிற்பாடு வந்தது. அதற்கு முந்தைய இந்து மண வழக்குகள் சார்பு நீதிமன்றங்களிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் நடந்தவை. குடும்ப நீதிமன்றத்தின் எல்லை எட்டாத காலத்து ஜீவனாம்ச மனுக்கள் நீதித்துறை நடுவரிடம் போயின. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியான மனுக்கள் இன்றும் பெரும்பாலும் நடுவர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன. ஒரே மணத்தின் முறிவு மூன்று கட்டுகளாகி, மூன்று காப்பறைகளில் உட்கார்ந்திருக்கலாம். போதாக்குறைக்கு, தூத்துக்குடி மாவட்டமே 1986 அக்டோபர் 20 அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. சில ஆண்டுகள் சிதம்பரனார் மாவட்டம் என்றும் அழைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாவட்ட நீதிமன்ற வழக்கு என்றால் தேடலைத் திருநெல்வேலியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கடற்கரையில் மதமும் காப்பறையைத் தீர்மானிக்கிறது. மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் வாழும் கத்தோலிக்கர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, மாவட்ட நீதிமன்றம் கொடுத்த மணமுறிவுத் தீர்ப்பாணை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே முழுமை பெறும். மதுரைக் கிளை தொடங்கப்பட்டதோ 2004இல். ஆகவே, 1990களில் மணமுறிவு பெற்ற ஒரு கிறிஸ்தவப் பெண், மாவட்ட நீதிமன்றத்தின் தாளை மட்டும் கையில் வைத்திருந்தால் அவரிடம் இருப்பது பாதி ஆவணம். மறு பாதி சென்னையில் இருக்கிறது. இதை அவரிடம் எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? திருச்சபைத் தீர்ப்பாயம் தன் மணத்தை ரத்துசெய்த கடிதத்தையே மணமுறிவு ஆவணம் என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தக் கடிதம் நாட்டின் சட்டத்தை மீறிச் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

முஸ்லிம் குடும்பங்களில் கதை இன்னொரு விதம். 1939ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கு ஆவணம் உண்டு. ஜமாஅத்திலோ காஜியிடமோ முடித்துக்கொண்டவரிடம் ஒரு சான்றிதழ்தான் இருக்கும். காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தனியார் ஷரியத் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண்கள் குடும்ப நல நீதிமன்றத்தை நாடலாம் என்று 2023இல் மீண்டும் கூறியது. இந்தத் தீர்ப்புகளுடன் எனக்குப் பிணக்கில்லை. ஆனால், பக்கத்துத் தெருவில் ஒரே நாளில் கிடைத்துக்கொண்டிருந்த தாளைச் செல்லாது என்று சொல்லும்போது, செல்லக்கூடிய தாளைப் பெறும் வழியையும் அரசு பக்கத்தில் கொண்டுவந்திருக்க வேண்டாமா?

சரி, நீதிமன்றம் எதுவென்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நகல் மனு. வழக்கு எண்ணும் ஆண்டும் எழுத வேண்டும். எண் தெரியாவிட்டால், பெயரைக் கொண்டு பதிவேட்டைப் புரட்ட வேண்டும். தெருவுக்குப் பத்து பர்னாந்துகள் இருக்கும் கடற்கரையில், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று என்றிருக்கும்போது இது எளிய வேலை அல்ல. மின்நீதிமன்றத் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கக் குறியீடு உண்டு. அது கையில் இருந்தால் வழக்கின் நிலையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பழைய கட்டுகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. மனு ஏற்கப்பட்ட பின் முத்திரைத் தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த காலத்துக்குள் தாளைச் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகும். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பலகையைப் பார்ப்பது எப்படி? அதனால்தான் வக்கீல் குமாஸ்தா தேவைப்படுகிறார், அவருக்குச் செலவும் தேவைப்படுகிறது. இத்தனைக்கும், நகலின் மீது குத்தப்படும் தேதிகள் வெறும் அலுவலகச் சடங்கு அல்ல. மனு கொடுத்த நாள், தாள் செலுத்திய நாள், நகல் தயாரான நாள் ஆகியவற்றைக் கொண்டுதான் மேல்முறையீட்டுக் கெடுவில் எத்தனை நாட்களைக் கழிப்பது என்று கணக்கிடுவார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. மணமுறிவுத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23(4)ஆம் பிரிவு சொல்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 34(4)ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நடுவரின் எல்லா உத்தரவுகளுக்கும் இதை விரிக்கிறது. ‘வழங்கலாம்’ என்றல்ல, ‘வழங்க வேண்டும்’ என்றே சட்டம் பேசுகிறது. கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக இதை நினைப்பவர்களே அதிகம். இப்படியொரு பிரிவு இருப்பதை அறியாதவர்கள் அவர்களைவிட அதிகம்.

குடும்ப வழக்கு அந்தரங்கமானது, ஆவணத்தை எளிதில் தரக் கூடாது என்பார்கள். அந்நியர்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. மண வழக்கு விசாரணையை வெளியிடுவது இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரியது. வழக்கில் தொடர்பில்லாதவர், காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியுடன்தான் நகல் பெற வேண்டும். உயர் நீதிமன்ற விதிகளைத் தாண்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். ஆனால், அந்தரங்கம் என்பது வழக்கின் தரப்பினரைக் காப்பதற்காக வந்தது. அவரையே வாசலில் நிறுத்துவதற்கு அதைக் காரணமாக்க முடியாது. இறந்துபோன தாயின் தீர்ப்பாணையைக் கேட்கும் மகளையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். வாரிசுச் சான்றுடன் வருபவரை வழிப்போக்கரைப் போல நடத்துவதில் நியாயமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பெரும்பாலானவற்றுக்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம். இலவச நகலைத் தீர்ப்பு நாளிலேயே கையில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். எந்த மதச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தாலும் இதே முறையைப் பின்பற்றலாம். மாவட்டத் தலைநகரின் குடும்ப நல நீதிமன்றத்துக்கான நகல் மனுவைத் திருச்செந்தூரிலேயே பெற்றுக்கொள்ளலாம். மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதலாகியிருக்கிறது. பழைய கட்டுகளை மின்னணுவாக்கும் வேலையும் அதில் அடக்கம். எந்தக் கட்டில் தொடங்குவது என்ற கேள்விக்கு, மண வழக்குகளில் என்பதே என் பதில். நிலத்தகராறில் தோற்றவரும் வென்றவரும் தாளைப் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். மண வழக்கின் தாளோ பல வீடுகளில் கோபத்தில் கிழிக்கப்படுகிறது, அல்லது புகுந்த வீட்டோடு போய்விடுகிறது.

கேட்கும் அலுவலகங்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டுக்கு மணமுறிவுத் தீர்ப்பாணை தர வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்துவிடவில்லை. வழக்கின் குறியீட்டு எண்ணை வாங்கித் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வருவாய்த் துறைக்கு என்ன தடை?

அதுவரை, தேடிப் புறப்படும் பெண்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சான்றிட்ட நகல் பெற்றுத் தருவதும் அந்த உதவியில் அடங்கும். தொலைபேசி எண் 15100. போகும்போது கல்யாணப் பத்திரிகை, பழைய சம்மன், வழக்கறிஞரின் ரசீது என்று எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். வழக்கு எண் அவற்றில் ஏதாவது ஒன்றின் மூலையில் எழுதப்பட்டிருக்கலாம்.