பின் சீட்டுக்கும் ஒரு டிசைன்



கல்லூரிகளில் புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால், 'ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க சார்' என்று பிள்ளைகள் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். பத்திரிகை நடத்துகிறவருக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! அப்படித் திருவண்ணாமலை வேங்கிக்காலைச் சேர்ந்த தம்பி ஒருவர் அண்மையில் காட்டியது, பைக் ஹெல்மெட்டுக்கான கிராபிக்ஸ். விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறார்.

மேட் கறுப்பில் தீ நாக்குகள், மண்டை ஓடு, சீறும் புலி. ஒன்றில் மட்டும் அண்ணாமலையின் விளிம்புக்கோடு, உச்சியில் தீபம். வேலை சுத்தம். வளைந்த பரப்பில் படம் எங்கே இழுபடும், முன்கண்ணாடியைத் தூக்கினால் எந்தக் கோடு மறையும் என்பது வரை யோசித்திருந்தார். மனம்விட்டுப் பாராட்டினேன்.

'இதெல்லாம் யார் தலைக்குப்பா?' என்று கேட்டேன். 'பசங்களுக்குத்தான் சார்.' 'வண்டியில பின்னாடி உட்கார்ந்து வர்ற அம்மாவுக்கு?' தம்பி யோசிக்கவே இல்லை. 'அம்மா எங்க சார் ஹெல்மெட் போடுறாங்க?'

உங்கள் வீட்டிலும் இதே பதில்தானே? இந்த மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் ஒன்று. ஹெல்மெட்டில் படம் போடுவதை விளையாட்டு வேலை என்று நான் நினைக்கவில்லை. 2020 மார்ச்சில், ஊரடங்கின் தொடக்கத்தில், சென்னை ஓவியர் கௌதம் ஓர் உடைந்த ஹெல்மெட்டையும் காகிதத்தையும் வைத்து கொரோனா கிருமி வடிவில் ஒன்று செய்தார். வில்லிவாக்கத்தில் இன்ஸ்பெக்டர் ராஜேஷ் பாபு அதை மாட்டிக்கொண்டு வண்டிகளை மறித்த படம் உலகம் முழுக்கப் போனது. பக்கம் பக்கமாக அறிவிப்பு ஒட்டியும் ஏறாத விஷயம், ஒரு ஹெல்மெட்டைப் பார்த்ததும் ஏறியது.

அடுத்த ஆண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு தன் 120-வது ஆண்டுக்காகப் பத்தாண்டுக்கு ஒரு டிசைன் என்று 12 டிசைன்களில் கையால் வண்ணம் தீட்டிய ஹெல்மெட்டுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் 120 மட்டுமே. ஹெல்மெட்டைச் சேகரித்து வைக்கும் அளவுக்கு நேசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அழகாக இருந்தால் ஆசையாகப் போடுவார்கள் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனால் யாருடைய ஆசையை நாம் கேட்கிறோம்?

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நின்று பாருங்கள். குறைதீர்வு நாள். போளூர், கலசப்பாக்கம், செங்கம், தண்டராம்பட்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் மனுவோடு மக்கள் வருவார்கள், பெரும்பாலும் டூவீலரில். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும், அல்லது போலீஸைப் பார்த்ததும் டேங்க்கிலிருந்து தலைக்கு ஏறும். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் மனைவி, மடியில் மனுப்பை, ஒரு கை கணவர் தோளில், இன்னொரு கையில் முந்தானை. தலையில் பூ மட்டும்.

சட்டம் இப்படி ஆள் பிரித்துப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் பொது. 4 வயது தாண்டிய குழந்தைக்கும் அதே விதிதான். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த விதி. ஹெல்மெட் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய்.

அபராதத்தை விடுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-இல் ஹெல்மெட் போடாத நிலையில் விபத்தில் இறந்தவர்கள் இந்தியா முழுக்க 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஹேண்டில்பார் அவர்கள் கையில் இல்லை, பிரேக் அவர்கள் காலில் இல்லை. தலையைக் காக்க அவர்களுக்கென்று இருந்திருக்கக்கூடிய ஒரே பொருளும் இல்லை.

பெண்கள் ஏன் போடுவதில்லை? அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள், வரிசையாகச் சொல்வார்கள். கொண்டை இடிக்குது. வேர்த்து வழியுது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு எப்படிப் போடுவது? அவர் தலைக்கு வாங்கினது எனக்குத் தொளதொளன்னு ஆடுது. துணிக்கடைக்குள்ளே போனா அதையும் தூக்கிக்கிட்டு அலையணுமா?

இதெல்லாம் சாக்கு என்று தள்ளிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு டிசைன் மாணவருக்கு இதைவிட நல்ல வினாத்தாள் கிடைக்காது. கொண்டைக்கு இடம்விட்ட பின்பக்கம், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி, வண்டியிலேயே இரண்டாவது ஹெல்மெட்டைப் பூட்டி வைக்க ஒரு கொக்கி... எல்லாமே செய்யக்கூடியவைதான்.

'நான் கிராபிக்ஸ்தானே சார் படிக்கிறேன்?' என்று தம்பி கேட்கலாம். கிராபிக்ஸுக்கும் வேலை நிறைய இருக்கிறது. நிறத்திலிருந்தே தொடங்கலாம். நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு, காயம் ஏற்படும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 24 சதவிகிதம் குறைவு என்றது அது. எதிரே வருபவர் கண்ணுக்குச் சீக்கிரம் தெரிவதுதான் காரணமாக இருக்கும். நம் பிள்ளைகளுக்கோ மேட் கறுப்புதான் கெத்து! கத்திரி வெயிலில் அந்தக் கறுப்பு படுத்தும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளிர் நிறத்தில் கெத்தாக ஒன்று வரைந்து காட்டினால் அதுதான் திறமை.

அடுத்தது, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிள். அளவு, ஐஎஸ்ஐ எண், எச்சரிக்கை எல்லாம் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த எச்சரிக்கையில் என்ன இருக்கிறது தெரியுமா? பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள் என்று இருக்கும். பல ஹெல்மெட்டுகளின் ஓடு பிளாஸ்டிக். பெயின்ட்டிலும் பசையிலும் உள்ள ரசாயனம் வெளியே தெரியாமலே அதைப் பலவீனமாக்கிவிடலாம். ஆகவே பிள்ளைகளே, உங்கள் டிசைன் தொழிற்சாலையில் ஏறட்டும், வீட்டு மொட்டை மாடியில் ஸ்ப்ரே டப்பாவால் வேண்டாம். அந்த லேபிளையே தமிழில், படத்தோடு, பாட்டிக்கும் புரிகிற மாதிரி ஒருவர் வடிவமைத்தால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

நம்மைப் போலவே வெயிலும் டூவீலரும் நிறைந்த நாடு வியட்நாம். அங்கேயும் ஹெல்மெட்டை 'ரைஸ் குக்கர்' என்று கேலி செய்தார்கள். வெப்ப நாட்டுக்கு ஏற்ற, காற்றோட்டமுள்ள எடை குறைந்த ஹெல்மெட்டுகள் அங்கே தயாராயின. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே கொடுத்தார்கள். 2007 டிசம்பர் 15 முதல் சட்டம் கண்டிப்பானதும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட ஆரம்பித்தார்கள். கண்டிப்பு ஒரு பக்கம், போடத் தோதான பொருள் இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டியிருந்தது.

நாம் என்ன செய்யலாம்? வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட் இருந்தால் அது ஓட்டுகிறவருடையது என்று அர்த்தம். இரண்டாவதை இந்த மாதச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். அதை அவர் வாங்கிவந்து கொடுக்க வேண்டாம். போடப்போகிறவரே கடைக்குப் போகட்டும். தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்தால் 58 சென்டிமீட்டருக்கு 'எம்', 60-க்கு 'எல்' என்று பெரும்பாலும் ஒத்துவரும். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. தாடைப்பட்டை 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். பூட்டாத ஹெல்மெட் விழுகிற நேரத்தில் தலையோடு இருக்காது.

ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து விற்பதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கலாம், முத்திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு. ஒரு தடவை பலமாக அடிபட்டதை மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது நசுங்கியதுதான்.

நிறமும் படமும் அவரவர் விருப்பம். அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள் பிடித்தால் மஞ்சள், பாப்பாவுக்கு யானை பிடித்தால் யானை. 'உங்களுக்கு எதுக்கு டிசைன்?' என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

நம் வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஹெல்மெட் போடாததற்கு உண்மையான காரணம் எதுவோ, அதைக் கூச்சப்படாமல் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மொத்தமாக அந்தத் தம்பியிடம் கொடுக்கிறேன். அவருக்குப் புராஜெக்ட் சமர்ப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்