பக்தையென்னும் போர்வை: பெங்களூர் நாகரத்தினம்மாளும் இசை வரலாறும்

திருவையாற்றில் ஆண்டுதோறும் நிகழும் தியாகராஜ ஆராதனை பற்றி எழுதுவோர் பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு ஒரு பந்தியை ஒதுக்கத் தவறுவதில்லை. பாழடைந்து கிடந்த தியாகராஜரின் சமாதியைக் கண்டு மனமுருகினார், நகைகளை விற்றார், கோயில் எழுப்பினார், அச்சந்நிதியிலேயே வாழ்ந்து மறைந்தார். இவ்வளவுடன் பந்தி முடிந்துவிடுகின்றது. கூறப்பட்டவை யாவும் உண்மையே. ஆயினும் அவரைப் பக்தையாக மட்டும் காட்டும் இப்புகழ்ச்சி, அவர் யாருடன் போராடினார், எதற்காகப் போராடினார் என்ற வினாக்களை எழவிடாது தடுக்கின்றது.

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1878இல் தேவதாசி குலத்திற் பிறந்தவர் நாகரத்தினம்மாள். இளமையிலேயே தாயை இழந்தவர். எனினும் சங்கீதத்தோடு சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் தேர்ச்சி பெற்றுச் சென்னையின் முன்னணிப் பாடகியருள் ஒருவரானார். இசை வரலாற்று நூல்கள் அவருடைய குரலைப் பற்றிப் பேசுமளவுக்கு அவருடைய புலமையைப் பற்றிப் பேசுவதில்லை. அப்புலமையின் சான்று ஒரு பதிப்பு நூலாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாபசிம்மனின் அவையிலிருந்த கணிகை முத்துப்பழனி, ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த அச்சுப் பதிப்பில், பெண்வழி மரபைக் கூறும் முகவுரைப் பகுதியும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பெற்று, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, 1910இல் முழுமையான பதிப்பை வெளியிட்டார். ஏடு தேடி அலைந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைப் போற்றும் ஈழத்து வாசகருக்கு இப்பணியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

தெலுங்கு நாட்டின் தலைசிறந்த சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியின் கவித்திறனை ஏற்றபோதும், அவருடைய குலத்தையும் சிருங்காரப் பாடல்களையும் இழித்துரைத்திருந்தார். நாணம் பெண்களுக்கு மட்டும் உரியதா என்று தம் முன்னுரையில் நாகரத்தினம்மாள் வினவினார். வீரேசலிங்கம் ஏற்றுக்கொண்ட ஆண் புலவரின் நூலில் இவற்றிலும் கடுமையான வருணனைகள் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். ஆண் பாடினால் ரசம், பெண் பாடினால் ஆபாசம் என்னும் அளவுகோலை இதைவிடத் தெளிவாக அன்று எவரும் அம்பலப்படுத்தியிருப்பரோ என்பது ஐயமே. மறுமொழி அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1911இல் நூல் ஆபாசமென்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பிரதிகள் கைப்பற்றப்பட்டன. 1947இல் தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியாலேயே அத்தடை நீங்கியது.

இப்போராட்டத்தை மறந்துவிட்டுத் திருவையாற்றுப் பணியை நோக்குவோர்க்கு அங்கே பக்தி மட்டுமே புலப்படும். தமது பொருளைச் செலவிட்டு நிலம் பெற்று, 1926இல் சமாதிக் கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்வித்தவர் அவரே. ஆராதனையை நடத்திய ஆண் வித்துவான்களோ பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து பூசலிட்டனர். பெண்களைப் பாட விடுவதில்லை என்பதில் மட்டும் இரு கட்சியினர்க்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. கோயிலைக் கட்டியவளுக்கே அங்கு பாட உரிமையில்லை என்பது எத்தகைய நியாயம்? நாகரத்தினம்மாள் கெஞ்சவில்லை. பெண்கள் கட்சியொன்றை அமைத்துத் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டளவில் கட்சிகள் ஒன்றிணைந்தபோது பெண்கள் பாடும் உரிமையும் நிலைபெற்றது.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் மேற்கொண்ட முயற்சியை எதிர்த்தவர் அன்றோ அவர் என்று சிலர் கேட்கலாம். எதிர்த்தது உண்மை. அம்முறையில் சுரண்டலும் இழிவும் இருந்தன என்பதும் மறுக்கவியலாதது. அதனை ஒழித்தமை சரியே. ஆனால் முறையை ஒழிக்கப் புறப்பட்டோருட் பலர், அம்முறைக்குள் வாழ்ந்த பெண்களின் கல்வியையும் கலையையும் சொத்துரிமையையும் யார் காப்பர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் அவர்களுடைய இசையும் நடனமும் உயர் குலத்தோரின் மேடைகளில் மதிப்புப் பெற்றன. அவற்றைப் பேணியவர்களோ தம் குலப்பெயரையே மறைத்து வாழ நேர்ந்தது. நாகரத்தினம்மாளின் எதிர்ப்பில் தவறு இருந்திருக்கலாம். அவருடைய அச்சத்தில் தவறு இருக்கவில்லை.

1952இல் அவர் மறைந்தார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரே வணங்கிய நிலையில் அவருக்குச் சிலை அமைந்துள்ளது. அச்சிலை பொய்யுரைக்கவில்லை, ஆனால் அது முழு நாகரத்தினம்மாளையும் காட்டவில்லை. சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரும், பேரறிஞரை எதிர்த்து எழுதிய விமரிசகரும், பெண்களின் உரிமைக்காகக் கட்சி அமைத்த போராளியும் அக்கூப்பிய கைகளுக்குள் மறைந்து நிற்கின்றனர். இசை வரலாறு எழுதுவோர் அவர்களை வெளிக்கொணரும்வரை, அவருக்குச் செலுத்தப்படும் ஒவ்வோர் அஞ்சலியும் அவரை மறப்பதற்கான ஒரு வழியாகவே இருக்கும்.