காட்டிக் கொடுக்காத பேனா

1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘நிக்காஹ்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் குலாம் அலி பாடிய கஜலைக் கேட்டு உருகியோர் நம்மில் பலர். அதனை இயற்றியவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்னும் முழக்கத்தை இந்நாட்டுக்கு வழங்கியவரும் அவரே. பாட்டை எடுத்துக்கொண்டோம்; முழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். அப்பெருமகன் பத்திரிகையாளராக இருந்த குற்றத்திற்காக அனுபவித்த சிறையை மட்டும் மறந்துவிட்டோம். இந்த மறதி தற்செயலானதன்று. கவிஞரைப் போற்றுவதில் ஆபத்தில்லை. பத்திரிகையாளரை நினைத்தாலோ, நம் மௌனத்திற்கு நாம் பதில் சொல்ல நேரும்!

உன்னாவ் மாவட்டத்து மோஹான் என்ற சிற்றூரில் பிறந்த அன்னாரின் இயற்பெயர் சையித் ஃபஸ்லுல் ஹசன். 1903இல் அலிகாரில் பட்டம் பெற்றார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி நின்ற காலம் அது. அவரோ அதே ஆண்டில் ‘உர்தூ-எ-முஅல்லா’ என்ற இதழைத் தொடங்கினார். இலக்கியமும் அரசியலும் அதில் இணைந்தே நடந்தன.

1908இல் எகிப்தில் ஆங்கிலேயரின் கல்விக் கொள்கையைக் கண்டித்து, எழுதியவர் பெயரின்றி ஒரு கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது. ஆட்சி அதனை இராஜத் துரோகம் என்றது. எழுதியவர் யார் என்று கேட்டது. மௌலானா பெயரைச் சொல்லவில்லை. ஆசிரியன் நானே, பொறுப்பும் எனதே என்று நின்றார். விளைவு, இரண்டாண்டுக் கடுங்காவலும் ஐந்நூறு ரூபாய் அபராதமும். மேல்முறையீட்டில் தண்டனை ஓராண்டாகக் குறைந்தது. அபராதத்திற்காக அவர் அரிதிற் சேர்த்த நூல்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின. கஜல் எழுதிய கை சிறையில் மாவரைக்கும் கல்லைச் சுழற்றியது. துணைவியார் நிஷாத்துன்னிஸா பேகமோ, கலங்க வேண்டாம் என்று கணவருக்குத் தைரியம் ஊட்டிக் கடிதம் எழுதினார்.

நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பெயர் மட்டும் அமானிதம் ஆகாதா?

விடுதலையாகி வந்தவரை ஆட்சி விட்டுவைத்ததா? இல்லை. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் புதியதோர் ஆயுதமாக வந்தது. அதன்படி 1913இல் மூவாயிரம் ரூபாய் ஜாமீன் தொகை கேட்டார்கள். ஏழைப் பத்திரிகையாசிரியர் அதற்கு எங்கே போவார்? இதழ் நின்றது. பேனாவை முறிக்க வாள் தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு தொகையை எழுதி அனுப்பினால் போதும். மௌலானா அப்போதும் மண்டியிடவில்லை. சுதேசித் துணி விற்றுப் பிழைத்தார். 1921இல் அஹ்மதாபாத் காங்கிரஸில், காந்தியடிகளே எதிர்த்தபோதும், முழு விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். அது அன்று தோற்றது. ஆனால் 1929இல் லாகூரில் அதே காங்கிரஸ் அதே இலட்சியத்தை ஏற்றது.

“பத்திரிகை நடத்துகிறவர் ஆட்சியாளரைப் பகைக்கலாமா? சமுதாயத்துக்கல்லவா கேடு?” என்று புத்தி சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இதற்கு விவேகம் என்று பெயர் சூட்டுகிறார்கள். கொடுங்கோலன் முன்னிலையில் நீதியை எடுத்துரைப்பது மிகச் சிறந்த ஜிஹாத் என்று கற்பித்த நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத்துக்கு இதுவா விவேகம்? அஞ்சி வாழ்வதால் சமுதாயம் காப்பாற்றப்பட்டதாக வரலாறு உண்டா?

இது வெள்ளையர் காலத்துக் கதைதானே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அந்த இராஜத் துரோகப் பிரிவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததே 2022இல்தான். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத் தொகுப்பில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஊறு என்னும் பெயரில், ஆயுள் தண்டனை வரை விதிக்க இடந்தரும் 152ஆம் பிரிவு இருக்கிறது. கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன், ஹாத்ரஸ் கொடுமை குறித்துச் செய்தி சேகரிக்கச் செல்லும் வழியில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். ஹஸ்ரத் மோஹானிக்கு அந்நிய ஆட்சி தீர்ப்பு எழுதி ஓராண்டுச் சிறை தந்தது. காப்பனோ, குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லாமல் இரண்டாண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். எந்த ஆட்சியை எந்த ஆட்சிக்கு உவமை சொல்வது?

அடக்குமுறை ஒரு பத்திரிகையாளரைச் சிறையில் தள்ளும். ஆனால் அவரைத் தனியராக்குவது ஆட்சியன்று, நாமே. கைதான மறுநாளே அவருடைய வீட்டு வாசலைத் தவிர்த்து நடக்கிறோம். சந்தாவை நிறுத்துகிறோம். “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று நீதிபதிக்கு முன்பே தீர்ப்பும் கூறிவிடுகிறோம். அந்த வீட்டின் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டதா, வழக்கறிஞருக்குப் பணம் இருக்கிறதா என்று விசாரிப்பது ஒவ்வொரு மஹல்லாவின் கடமை. மூவாயிரம் ரூபாய் ஒருவருக்கு மலை. மூவாயிரம் குடும்பங்களுக்குத் தலைக்கு ஒரு ரூபாய்!

1951இல் இலக்னோவில் மறைந்த மௌலானா தம் கட்டுரையாளரைக் காட்டிக் கொடுக்கவில்லை. நமக்காக எழுதுபவர்களை நாம் கைவிடுவதும் காட்டிக் கொடுப்பதே.